கடலில் ஒன்றுமில்லை என்று வந்த செய்தி

நம் நிலையத்தில் புதிதாகச் சேருகிற எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடலைக் கண்காணிக்கிற நிலையத்தைக் கடலே தெரியாத கொடைக்கானல் மலையில் கொண்டுவந்து ஏன் வைத்தார்கள்? நீங்கள் கேட்காவிட்டாலும் பூம்பாறை பஸ் கண்டக்டர் உங்களைக் கேட்டிருப்பார். என்னைப் பல வருடம் கேட்டார். "ஏங்க்கா, இங்கிட்டு ஏரியை விட்டா தண்ணியே கெடையாது, எந்தக் கப்பலைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்பார். பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு எத்தனை தடவைதான் விளக்குவது? "கப்பல் வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன், டிக்கெட்டைக் குடுங்க" என்று சொல்லிவிடுவேன்.

பதில் எளிதுதான். உயரத்தில் இருப்பவர்களுக்கு அடிவானம் தாழ்ந்து கிடக்கும். செயற்கைக்கோள் எழும்போது மற்றவர்களுக்கு முன்னால் அதைப் பிடிக்கலாம், மறையும்போது கடைசி வரைக்கும் விடாமல் இருக்கலாம். அதனோடு பேசக் கிடைப்பதே சில நிமிடங்கள். அதில் கொஞ்சம் கூடக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

நான் பூம்பாறைக்காரி. ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்றால் பூண்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று என் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான், அது வேறு கதை. உங்கள் தலைமைப் பொறியாளர் போன் செய்து, புதியவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். தொழில்நுட்பம் எழுதப் போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது, அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் பழைய காலத்தைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சேர்ந்தபோது ரேடார் செயற்கைக்கோள் தானாக எதையும் யோசிக்காது. கடல்மேல் ரேடியோ அலையை வீசும், திரும்பி வந்த எதிரொலியை அப்படியே கீழே கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த எதிரொலியில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரை முழுக்கப் புள்ளி இரைச்சலாக இருக்கும். நாங்கள்தான் இங்கே கணினியில் போட்டு அதைப் படமாக்குவோம். கணினியை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் படம் பாதி வந்திருக்கும். மேலிருந்து கீழாகக் கடல் கறுப்பாக இறங்கிக்கொண்டே இருக்கும், நாலைந்து பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று அதில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். கப்பல்! கடலையே நேரில் பார்த்திராத மலைக்காரர்கள் நாங்கள், கைதட்டுவோம். எத்தனையோ வசதி வந்த பிறகும் அந்தக் கைதட்டல் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு இந்த வேலையில் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே குறை, நாங்கள் கைதட்டும்போது அந்தக் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் குறையைத் தாங்க முடியாத ஒருவர் எங்களிடம் இருந்தார். அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போட்டால் போன் செய்து திட்டுவார். பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, மெதுவாக எதையும் செய்யத் தெரியாது. நடையும் வேகம், பேச்சும் வேகம். "படத்தை ஏன் இங்க கொண்டாந்து பாக்கணும்? மேலேயே பாத்துட்டு, இங்க ஒரு படகு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் பத்தாதா?" என்று அவர் முதலில் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இன்று நீங்கள் எல்லோரும் செய்கிற வேலை அதுதான். படமாக்குவதும் அதில் படகைத் தேடுவதும் செயற்கைக்கோளுக்குள்ளேயே நடக்கிறது. இந்த இடத்தில் இந்த அளவில் ஒன்று இருக்கிறது என்ற குட்டிப் பட்டியல் மட்டும் கீழே வருகிறது. அதுவும் எங்களைக் கேட்காமல் நேராகக் கரையோரக் கட்டுப்பாட்டு அறைக்கே போய்விடும். படம் எடுத்த சில நிமிடங்களில் அவர்கள் கையில் இருக்கும்.

அந்தச் செய்தியைச் சுருக்குவதற்கு சார் செய்த அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு எழுத்து கூடினாலும் "யாரு வீட்டுச் சொத்து இது?" என்று கேட்பார். செய்தி சின்னதாக இருந்தால்தான் சின்ன ஆன்டெனாவிலும் பிடிக்கலாம், வேகமாகப் போகும் என்பது அவர் வாதம். அது சரியான வாதமும்கூட. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தோம். ஒரு கட்டத்தில் படகு எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும் என்றார். "காலின்னா இல்லைன்னு அர்த்தம். இதுக்கு ஒரு வார்த்தை எதுக்கு?" நாங்களும் தலையாட்டினோம்.

முதல் வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ராமநாதபுரம் கரைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகள் எங்கள் மானத்தை வாங்கின. திட்டின் விளிம்பில் அலை உடையும்போது ரேடாருக்கு அது பளபளவென்று தெரியும். செயற்கைக்கோள் அதைப் படகுக் கூட்டம் என்று அறிவித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரோந்துப் படகுகள் அவசரமாகப் போய்ப் பார்த்தால், அங்கே நுரையைத் தவிர ஒன்றுமில்லை. இப்படி ஒரு தடவையல்ல, பல தடவை நடந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு அதிகாரி இருந்தார், கிண்டல் பேர்வழி. போனை எடுத்ததும், "மேடம், இன்னைக்கு எத்தனை அலையைப் பிடிச்சீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிலம் என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் படகைத் தேட வேண்டாம் என்று செயற்கைக்கோளுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். ஊருக்குள் இருக்கிற தகரக்கூரையை எல்லாம் கப்பல் என்று சொல்லிவிடக்கூடாதே. திட்டுகளையும் அந்த நிலக் கணக்கில் சேர்த்து, சுற்றிலும் தாராளமாக விளிம்பு விட்டுக் கோடு போட்டோம். அன்றோடு பொய்ச்செய்தி நின்றது. அதிகாரியின் கிண்டலும் நின்றது. இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்தக் கோட்டைப் போட்ட மூன்று பேரில் நான் பூம்பாறை, சார் பழனி, என்னோடு வேலை பார்த்த முருகேசு எங்கள் மலைக்குள்ளேயே இருக்கிற போளூர். எங்கள் மூவருக்கும் நிலம் என்றால் நிலம்தான். பாட்டன் காலத்துப் பாறை இன்றும் அதே இடத்தில் கிடக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். நிலம் என்று எழுதிவிட்டால் அதன்மேல் படகு வராது என்பதில் எங்களுக்கு அவ்வளவு நிச்சயம். காற்றடித்தால் நகர்ந்து போகிற, நேற்று தண்ணீருக்கு அடியில் இருந்து இன்று வெளியே வருகிற நிலத்தைக் கரையில் பிறந்தவர் யாராவது எங்களோடு இருந்திருந்தால் நினைவுபடுத்தியிருப்பார். உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றும்.

நான் சொல்ல வந்த நாள் அதற்குப் பிறகு வந்தது. வாடைக்காற்று காலம். கொடைக்கானலில் மூடுபனி ஜன்னலை ஒட்டி நின்றது. சார் அப்போது ஓய்வு பெற்று ஆலோசகராக வந்துபோய்க்கொண்டிருந்தார், அன்றும் வந்திருந்தார். பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. காலையில் அந்தக் கிண்டல் அதிகாரியிடமிருந்து போன். அன்று கிண்டல் இல்லை.

"மேடம், நேத்து போன ஃபைபர் போட்டு ஒண்ணு திரும்பலை. நாலு பேரு. இப்பத்தான் உங்க லிஸ்ட்டு வந்துச்சு, ரொம்ப உதவியா இருந்துச்சு. திட்டுப் பக்கம் ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கு. அதனால ரோந்துப் படகையெல்லாம் தெக்கே ஆழக்கடலுக்குத் திருப்பியாச்சு. அடுத்த சுத்துல தெக்குப் பக்கத்தை எடுத்துக் குடுங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ உறுத்தியது.

"சார், திட்டுப் பக்கம் ஒண்ணுமில்லைன்னு வந்துச்சா, இல்ல, ஒண்ணுமே வரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் அதிகாரி.

அவர் மேல் தவறில்லை. பார்த்தோம், படகு இல்லை என்றாலும் காலிதான். கோட்டுக்குள் இருப்பதால் பார்க்கவே இல்லை என்றாலும் காலிதான். இரண்டையும் ஒன்றாக்கி அனுப்பியது நாங்கள். அந்த நாலு பேர் திட்டில் தரைதட்டிக் கிடந்தால், அவர்கள் அங்கே இல்லை என்று எங்கள் செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

நம் செயற்கைக்கோள் பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றுவதால் ஒரே பகலில் பல தடவை வந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் எடுத்த எதிரொலி முழுவதும், திட்டு உட்பட, அதன் நினைவகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் அடுத்த சுற்றில் தெற்குப் பக்கத்தைப் படம் எடுத்தால் புதியது வந்து பழையதை அழித்துவிடும். பழையதை முழுசாகக் கீழே இறக்க வேண்டுமென்றால் கிடைக்கிற நிமிடங்கள் எல்லாம் அதற்கே சரியாகப் போகும். ஒன்றைச் செய்தால் இன்னொன்று இல்லை. முடிவெடுக்க வேண்டியவள் நான்.

"தெக்கே எடும்மா" என்றார் சார். "வாடைக்காத்து அடிக்குது. எஞ்சின் நின்னுருந்தா தெக்கேதான் இழுத்துட்டுப் போகும். அதுதான் நியாயம்."

"திட்டுல ஏறியிருந்தா?"

"தெக்கே இருந்து, நீ எடுக்காம விட்டேன்னா? அப்ப என்ன பதில் சொல்லுவே?"

நியாயமான கேள்வி. முருகேசு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். செயற்கைக்கோள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"சார், தெக்கே தேட ரோந்துப் படகு இருக்கு, மனுசங்க கண்ணு இருக்கு. திட்டுல இப்ப ஒருத்தரும் தேடலை, நம்மளை நம்பி விட்டுட்டுப் போயிட்டாங்க. நாமளும் பாக்கலைன்னா அங்க யாரு பாக்குறது?" என்றேன்.

நான் முருகேசுவிடம் திரும்பினேன். "ஏலே, படம் எடுக்கிறதை நிறுத்து. பழசைக் கொண்டா, வெரசா."

நெருக்கடியில் எது அதிக வாய்ப்புள்ளதோ அதைச் செய் என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். நல்ல பாடம்தான். அன்று நான் போட்ட கணக்கு வேறு. நாம் விட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்ற இடம் எது என்று மட்டும் பார்த்தேன். அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்று நான் சொல்லமாட்டேன்.

எதிரொலி இறங்கியது. கடைசித் துண்டு வருமுன்பே செயற்கைக்கோள் மறைந்துவிட்டது. வந்தவரைக்கும் வைத்துக்கொண்டு, பழைய காலம் மாதிரி நாங்களே படமாக்க உட்கார்ந்தோம். நிலத்தில் வைத்துப் படமாக்கும் மென்பொருளை முருகேசு தொட்டதே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். கடல் மேலிருந்து கீழாகக் கறுப்பாக இறங்க ஆரம்பித்தது. எத்தனை வருடம் ஆயிற்று அதைப் பார்த்து! அந்தப் பதற்றத்திலும் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

திட்டு வந்தது. சுற்றிலும் அலை உடைந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"அக்கா, எல்லாமே படகு மாதிரில்ல தெரியுது" என்றான் முருகேசு. அவன் குரல் உடைந்திருந்தது. எதைச் சொல்வது? ஒவ்வொரு நுரைக்கும் ரோந்துப் படகை அனுப்பச் சொன்னால், பழைய கதைதான் என்று போனை வைத்துவிடுவார்கள்.

சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தைப்பூசத்துக்கு எங்க கடை வாசல்ல எத்தனை புள்ளைக காணாமப் போகும், தெரியுமா? தேடி வர்ற ஆத்தா அப்பன் கூட்டம் பூரா மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கிட்டுப் போவாங்க. அப்படிப் பாத்தா கெடைக்காது. தொலைஞ்ச புள்ளை நின்ன எடத்துலயே நின்னு அழும். கூட்டம்தான் நகரும். நிக்கிறதைத் தேடும்மா."

புரிந்துவிட்டது. ஒரு படம் எடுக்கச் செயற்கைக்கோளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்தச் சொற்ப நேரத்தையே மூன்றாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படமாக்கினோம். தெளிவு குறைந்ததுதான். ஆனால் ஒன்றில் இருந்த நுரை அடுத்ததில் இல்லை, வேறெங்கோ இருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான் முருகேசு. எல்லாப் புள்ளிகளும் துள்ளிக்கொண்டிருந்தன. திட்டின் கிழக்கு விளிம்பில் ஒன்று மட்டும் அசையவே இல்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்தோம். எதிலும் அந்த இடத்தில் அப்படி ஒன்று கிடையாது.

கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.

"படகா மேடம்? உறுதியா?" என்றார் அதிகாரி. "போன தடவை மாதிரி ஆயிடாதே? தெக்கே தேடுறதுல ஒண்ணைப் பிரிச்சு அனுப்பணும்."

படகுதான் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொன்னால் உடனே அனுப்புவார். ஆனால் எனக்குத் தெரிந்தது அவ்வளவு இல்லை.

"படகுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். திட்டோட கெழக்கு ஓரத்துல அசையாம ஒண்ணு கெடக்கு. இதுக்கு முன்னால அது அங்க இல்லை. இன்னொண்ணும் கேட்டுக்கங்க, காலையில வந்த லிஸ்ட்டு அந்த எடத்தைப் பாக்கவே இல்லை. அது தெரிஞ்சதும் நீங்க முடிவு பண்ணுங்க."

"அனுப்புறேன்" என்றார்.

அதன் பிறகு எங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. முருகேசு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தான். சார் ஆறிப்போன டீயை அப்படியே வைத்துக்கொண்டு மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். படகு பிளந்து மணலில் சாய்ந்து கிடந்ததாம், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். முருகேசு கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். நான் அழுதேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி சரி, சோலியைப் பாருங்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. நானும் ஓய்வு பெறும்வரை எல்லா விழாவிலும் சொல்லியிருப்பேன்.

சில மாதம் கழித்து அந்தப் படகுக்காரரும் அவர் மனைவியும் பழனிக்கு நேர்ந்துகொண்டபடி மொட்டையடிக்க வந்தார்கள். வந்தவர்கள் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, கப்பல் பார்க்கிற ஆபீஸ் எங்கே என்று கடை கடையாக விசாரித்து மேலே வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டே ஒரு பெரிய கருவாட்டுப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார். என் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். டீ வந்தது. முருகேசு அந்த மூன்று படங்களையும் திரையில் போட்டு, "இதுதாண்ணே நீங்க" என்று காட்டினான். அவர் அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராத்திரிகூட பயமில்லம்மா" என்றார். "விடிஞ்சா யாராச்சும் வருவாங்கன்னு தைரியமா நின்னோம். அதே மாதிரி விடியவும் ரெண்டு போட்டு வந்துச்சு. கிட்டத்துல வந்துருச்சு. மேல ஆளு நிக்கிறது எங்களுக்குத் தெரியுது. சட்டையைக் கழட்டி வீசுறோம், கத்துறோம். நேரா எங்களைப் பாத்து வந்துக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு தெக்கே திரும்பிப் போயிருச்சு. வெயிலு அவங்க கண்ணுல அடிச்சிருக்கும் போல. அது திரும்பினதுக்கு அப்புறம்தாம்மா என் மச்சான் அழ ஆரம்பிச்சான்."

ரோந்துப் படகுகள் திரும்பியது எதனால் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எங்கள் பட்டியல் அந்த நேரத்தில்தான் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு வேகமாகப் போவதற்காகத்தான் நாங்கள் அத்தனை வருடம் உழைத்திருந்தோம். பழைய காலம் மாதிரி மெதுவாகப் போயிருந்தால் அந்தப் படகுகள் இன்னும் கொஞ்சம் முன்னால் போய் அவர்களை அப்போதே ஏற்றிக்கொண்டிருக்கும்.

சார்தான் பேசினார்.

"வெயில் இல்லப்பா. நாங்கதான் திருப்பினது. அங்க ஒண்ணுமில்லைன்னு எங்க மெசினு கரைக்குச் சொல்லிருச்சு. உண்மையில அது உங்க பக்கம் பாக்கவே இல்லை."

படகுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. சால்வைக்குள் இருந்தபடி அந்த அம்மாதான் கேட்டார்:

"பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல சார்? நீங்க பாக்கலைன்னு தெரிஞ்சா அவுக போய்ப் பாத்துருப்பாகல்ல?"

மறுநாள் சார் வெள்ளனே வந்து உட்கார்ந்து செய்தியின் அமைப்பை மாற்றினார். ஒவ்வொரு எழுத்துக்கும் சண்டை போட்ட மனிதர், எல்லாக் கட்டத்துக்கும் ஒரு வார்த்தை கட்டாயம் என்று எழுதினார். உண்டு, இல்லை, பார்க்கவில்லை. காலி என்பதே இனி கிடையாது. செய்தி நீண்டது, கொஞ்சம் தாமதமும் ஆனது. அவர் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை.

அந்த மூன்றாவது வார்த்தை வீணாக இடத்தை அடைக்கிறது, எடுத்துவிட்டால் செய்தி இன்னும் வேகமாகப் போகும் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், சார் என்னைத் தட்டிக்கொடுத்தும் இருப்பார். கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. தாராளமாக எடுங்கள். எடுப்பதற்கு முன்னால், பெருமாள்மலையில் பஸ் ஏறிக் கரைக்குப் போய், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து எடுங்கள்.